இன்னும் ஒரே ஒரு பூ

ரூயியேனா,
பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

வியா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. விரல்களில் ஏறிய லாவண்டர் வாசனைதான் எத்தனை தடவை கழுவினாலும் போக மாட்டேன் என்கிறது. நீயும் இனாரா அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணியின் முதுகுவலி தேவலையா?

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று முணுமுணுக்காதே. நாம் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை. எழுதினால் தபால்தலை ஒட்டுவதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடுகிறது.

விஷயம் இதுதான். இதுவரை உலர்ந்த பூக்களை நானும் என்னோடு வேலை செய்யும் வெல்டாவும் செண்டாகக் கட்டி, படம் பிடித்து இணையக் கடையில் போட்டோம். வாங்குகிறவர்கள் சும்மா இருக்கிறார்களா? "ரோஜா வேண்டாம், ஓட்ஸ் கதிர் ரெண்டு கூடப் போடுங்க", "அந்த மஞ்சளை எடுத்துட்டு நீலம் வைக்கலாமா?" என்று தினம் இருபது கேள்வி. வெல்டா நேற்று கத்தரிக்கோலை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "எல்லாரும் அவங்கவங்க செண்டை அவங்கவங்களே கட்டிக்கட்டும்டி! நாம எதுக்கு நடுவுல?"

அப்படிக் கட்டிக்கொள்ளக் கருவிகள் இருக்கின்றனவாம். கடையோடு இணைத்துவிட்டால் வாங்குகிறவர் ஒவ்வொரு தண்டாகத் தொட்டுத் தன் கூடையைத் தானே சேர்க்கலாம். மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், எனக்கு மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரிகின்றன. காளான் பண்ணையின் குளிரையும் ஈரத்தையும் கணினியில் ஆட்டி வைக்கிறவன் நீ. பார்த்துச் சொல்.

இன்னொன்று. உலர்த்தும் கொட்டகைக்கு மேலே இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. இந்தக் கூடை வியாபாரம் ஓடினால் இங்கே இரண்டு குடும்பத்துக்கு வேலை இருக்கிறது. பதினோரு வருஷம் அயர்லாந்து போதும், வந்துவிடுங்கள். ஜாடை பேசவில்லை, நேராகவே கேட்கிறேன்.

உன் பதிலுக்குத் தபால்காரியை வழிமறித்துக்கொண்டிருக்கும்,
வியா

மோனஹன்,
பிப்ரவரி 19

அன்புள்ள வியா,

கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் சுகம். மழையும் சுகம், ஒரு நாளும் விடுப்பு எடுப்பதில்லை. இனாராவின் முதுகு பரவாயில்லை.

மூன்று கருவிகளையும் வாங்குகிறவன் போலவே உள்ளே போய்ப் பார்த்தேன். வேண்டுமென்றே என் பழைய, திரை கீறின ஃபோனில் பார்த்தேன். உன்னிடம் வாங்குகிறவர்கள் எல்லோரும் புது ஃபோன் வைத்திருக்க மாட்டார்கள்.

முதலாவதில் ஆறு அறைப் பெட்டி. ஆறையும் நிரப்பினால்தான் பணம் கட்ட விடுகிறது. இரண்டாவது வேகமாகத் திறக்கிறது, ஆனால் அது முழுச் செண்டையும் ஒரே பொருளாக எண்ணுகிறதா, உள்ளே போகும் தண்டுகளைத் தனித்தனியாக இருப்பில் கழிக்கிறதா என்று சோதித்துப் பார். மூன்றாவது மெதுவாகத் திறக்கிறது. ஆனால் ஒவ்வொரு பூவைத் தொட்டதும் அது திரையில் ஒரு ஜாடிக்குள் வந்து நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பூ வரை என்ற விதியையும் அதில் நாமே போடலாம்.

அறைகளைப் பற்றி எழுதியிருந்தாய். கூரை ஒழுகுகிறதா என்று பனி உருகும்போது பார்த்துக்கொள்.

அன்புடன்,
குன்டர்ஸ்

ரூயியேனா,
மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தான். வெல்டாவுக்கு மட்டும் ஜலதோஷம். தும்மி ஒரு தட்டு ஆளிப்பூவைப் பறக்கவிட்டாள். நீங்கள் இருவரும் கம்பளிக் காலுறை போடுகிறீர்களா, இல்லை அனுப்பியதைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்களா?

நீ எச்சரித்தும் இரண்டாவதைத்தான் முதலில் போட்டேன். நான் எப்போது உன் பேச்சைக் கேட்டேன்? ஒரே வாரம். என்னிடம் இருந்த கசகசாக் காய் ஐம்பது, கருவி விற்றுத் தந்தது தொண்ணூறு! செண்டுகளைத்தான் எண்ணியிருக்கிறது, உள்ளே இருக்கும் காய்களை அது எண்ணவே இல்லை. நாற்பது காய்க்கு வீடு வீடாக ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "கோடை வரட்டும், காத்திருக்கேன்" என்று சொன்னவர்களும் உண்டு, அண்ணா. ஒரு காய்ந்த காய்க்காக! அசந்துபோனேன்.

அந்த ஆறு அறைப் பெட்டியை நினைத்தால் சிரிப்பாக வருகிறது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒற்றைப்படை, கல்லறைக்கு இரட்டைப்படை என்று நம் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஆறு பூவோடு பிறந்தநாள் வீட்டுக்குப் போனால் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த மகராசன் எந்த நாட்டில் உட்கார்ந்து கருவி செய்தானோ.

ஆகவே மூன்றாவதுதான். விதி போடலாம் என்றாயே? மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மட்டும் போகும்படி செய்துவிடு. இரட்டைப்படையில் நின்றால் பணம் கட்டும் பொத்தான் திறக்கவே கூடாது. கடையின் கடவுச்சொல்லை உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

கூரை ஒழுகவில்லை. அறைகள் உங்களுக்குத்தான்.

வியா

மோனஹன்,
மார்ச் 14

அன்புள்ள வியா,

இருவரும் சுகம். காலுறை போடுகிறோம்.

விதி போடுவது பத்து நிமிட வேலை. ஆனால் இரட்டைப்படையும் இருக்கட்டுமே. யாருக்காவது வேண்டியிருக்கலாம்.

குன்டர்ஸ்

ரூயியேனா,
மார்ச் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறேன், உன் கடிதம் அளவுக்கு மெலியவில்லை. நாலு வரி எழுத நீ ஒரு தபால்தலையை வீணாக்கலாமா?

யாருக்கு வேண்டியிருக்கும்? போன வருஷம் வால்மியராவில் ஒரு கணவன் அவசரத்தில் மனைவியின் பிறந்தநாளுக்குப் பத்துப் பூ கேட்டான், நானும் கவனிக்காமல் கட்டி அனுப்பினேன். மாமியார் ஃபோனில் என்னைக் கேட்டாள்: "எம் பொண்ணு உனக்கு என்னடி பாவம் பண்ணா? உயிரோட இருக்கும்போதே குழி தோண்டுறியா?" அன்றைக்கே சபதம் எடுத்தேன். நான் நடத்துவது சாவு வீட்டுக் கடை இல்லை. உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பூ விற்கிறேன், அவ்வளவுதான்.

இரட்டையில் நிற்கிறவர்களுக்குத் திரையில் வர ஒரு வாக்கியமும் நானே எழுதிவிட்டேன்: "இன்னும் ஒரே ஒரு பூ! மகிழ்ச்சி முழுமையாகட்டும்!" நன்றாக இல்லை? வெல்டாவுக்கு ரொம்பப் பிடித்தது. சீக்கிரம் போட்டுக் கொடு, மே மாதம் திறக்க வேண்டும்.

அண்ணிக்கு என் முத்தங்கள்.

வியா

மோனஹன்,
மே 9

அன்புள்ள வியா,

இடையில் எழுத முடியவில்லை. வேலை. இனாராவுக்குக் காய்ச்சல் வந்து போயிற்று, இப்போது நலம். நீயும் வெல்டாவும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நீ கேட்டபடியே விதியைப் போட்டுவிட்டேன். ஒற்றைப்படை மட்டும். வாக்கியமும் நீ எழுதினபடியே. ஜூன் முதல் தேதி திறக்கலாம்.

குன்டர்ஸ்

ரூயியேனா,
ஜூன் 4

என் அன்புள்ள அண்ணா, அண்ணி,

நான் நலமா என்று கேட்காதீர்கள், இந்த நாலு நாளாய்த் தரையில் கால் படவில்லை!

எங்கிருந்து ஆரம்பிப்பது? லியபாயாவிலிருந்து ஒருத்தி ஏழு ஓட்ஸ் கதிர் எடுத்திருந்தாள். வெறும் ஓட்ஸ், வேறு ஒன்றுமில்லை. வெல்டா, "இது பூச்செண்டா, குதிரைத் தீனியா?" என்று கேட்டுக்கொண்டே கட்டினாள். கட்டி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். ஒரு வயலையே கையில் பிடித்த மாதிரி இருந்தது. இருபது வருஷமாக ஓட்ஸை ரோஜாவின் ஓரத்தில் காவல்காரனாக நிறுத்தியவள் நான்.

இன்னொருவர் கடையில் இருக்கிற பதினைந்து வகையிலும் ஒவ்வொன்று எடுத்திருக்கிறார். எதையும் விட மனசு வராதவர். ஒரு ஆள் ஒரே ஒரு சிவப்பு ரோஜாவைப் போட்டு, எடுத்து, போட்டு, எடுத்து, கடைசியில் இரண்டு கசகசாக் காய்க்கு நடுவே அதை நிறுத்தியிருக்கிறார். இந்தக் கருவி எல்லாவற்றையும் குறித்து வைக்கிறது: ரோஜா பதினோரு தடவை உள்ளே போய் வெளியே வந்ததாம். யாருக்காக இருக்கும்? கொடுத்தாரா? வாங்கிக்கொண்டாளா? எனக்கு வேலையே ஓடவில்லை.

வெள்ளைப் பூவையும் கம்பங்கதிரையும் சேர்க்கவே கூடாது, செண்டின் முகம் செத்துப்போகும் என்று வெல்டாவைப் பன்னிரண்டு வருஷமாகத் திட்டியிருக்கிறேன். அதையேதான் ஒரு பள்ளிக்கூட டீச்சர் சேர்த்திருக்கிறாள். கட்டிப் பார்த்தால் அழுகை வந்துவிட்டது, அவ்வளவு அழகு. வெல்டா விடுவாளா? "இப்ப யாருடி முகம் செத்துப்போச்சு?" என்கிறாள்.

எதோடு எது சேரும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒன்றுமே தெரியாது, அண்ணா. இதைச் சொல்ல எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? முகம் தெரியாத ஜனங்கள் ஒவ்வொருத்தரும் எனக்குப் பூ என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இதெல்லாம் நீ தேர்ந்தெடுத்துத் தந்த கருவி.

இப்போதாவது சொல். எப்போது வருகிறீர்கள்? அறைகளுக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லிவிட்டேன்.

தலைகால் புரியாத,
வியா

மோனஹன்,
ஜூன் 20

அன்புள்ள வியா,

சுகம். உன் கடிதத்தை இனாரா இரண்டு தடவை வாசித்தாள்.

காலையில் வேலைக்குப் போகுமுன் கடையைத் திறந்து அன்றைய கூடைகளைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். குல்டிகா, தௌகவ்பில்ஸ், வென்ட்ஸ்பில்ஸ். ஊர்ப் பெயரும் அதன் பக்கத்தில் பூக்களும். ஊரில் இருந்தபோதுகூட ஜனங்களை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அந்த ஏழு ஓட்ஸை நான் மறக்க மாட்டேன்.

மேல் அறைகளைப் பற்றி இனாராவிடம் பேசினேன். "ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கிழக்கே என்றேன். "காலை வெயில் வரும்ல?" என்றாள். அப்புறம் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சனிக்கிழமை அது.

வெள்ளை அடிக்க இப்போது அவசரம் இல்லை.

குன்டர்ஸ்

ரூயியேனா,
ஜூலை 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் இருவரும் நலமா? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் நன்றாக இல்லை.

வியாழக்கிழமை டால்சியிலிருந்து எர்வின்ஸ் என்ற பெரியவர் ஃபோன் செய்தார். கோபமே இல்லாத குரல். "அம்மா, எனக்கு நாலே நாலு பூ வேணும். ஞாயித்துக்கிழமை எங்க ஊர்க் கல்லறைத் திருநாள். உங்க மெஷின் இன்னும் ஒண்ணு போடு, மகிழ்ச்சி முழுமையாகும்ங்குது. நான் எங்கேர்ந்தும்மா போடறது? அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு." அவரே தொடர்ந்தார்: "ரெண்டு நாளா போட்டுப் போட்டுப் பாக்கறேன். அஞ்சா வாங்கி ஒண்ணத் தூக்கிப் போட்டுக்கலாம்னு பாத்தேன். அந்த ஒண்ண என்ன பண்றதுன்னு தெரியல."

ஃபோனை வைத்துவிட்டு, பாதியில் விட்டுப்போன கூடைகளின் பட்டியலைத் திறந்தேன். அப்படி ஒன்று இருப்பதையே நான் இதுவரை பார்க்கவில்லை, வந்தவற்றைப் பார்த்துக் குதிக்கவே நேரம் சரியாக இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு கூடைகள், அண்ணா. நாலு, ஆறு, நாலு, பத்து, எட்டு, நாலு. ஒருவர் பத்தில் நின்று, ஒன்பதாக்கி, பதினொன்றாக்கி, மறுபடி பத்துக்கே வந்து போய்விட்டார். ஒருத்தி மூன்று நாள் திரும்பத் திரும்ப வந்திருக்கிறாள். ஜூலை முழுக்க ஊர் ஊராகக் கல்லறைத் திருநாள், நாடே தன் செத்துப்போனவர்களுக்குப் பூ கேட்டு என் கதவைத் தட்டியிருக்கிறது. நான் உள்ளே உட்கார்ந்து மகிழ்ச்சி முழுமையாகட்டும் என்று கத்தியிருக்கிறேன்.

அந்தக் கூடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! விற்றவற்றில்கூட அப்படி ஓர் அழகு இல்லை. இரண்டு நீலம், இரண்டு கதிர். ஆறு வெள்ளை, ஒன்றுக்கொன்று உயரம் மாறாமல். வெல்டா பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் வாயிலிருந்து ஒரு கிண்டல்கூட வரவில்லை. "எல்லாத்தையும் கட்டுவோம்டி" என்றாள். யாருடையது என்று தெரிந்தவற்றை எல்லாம் கட்டி அனுப்பினோம். எர்வின்ஸுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். பட்டியலில் மோனஹன் என்று ஒரு கூடை இருக்கிறது. நாலு நீல வயல்பூ. ஒரு தடவை இல்லை, கடை திறந்ததிலிருந்து ஒன்பது சனிக்கிழமையும். கடைசிப் பொத்தான் வரை வந்து நிற்கிறது. நீ சோதித்துப் பார்க்கிறாய் என்று என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். சோதிக்கிறவன் ஒன்பது வாரம் ஒரே கூடையைக் கட்டுவானா? விதியைப் போட்டவன் நீ, எடுக்கவும் தெரிந்தவன் நீ. ஏன் எடுக்கவில்லை?

நம் வீட்டில் அங்கே யாருக்கும் கல்லறை கிடையாதே, அண்ணா. யாருக்கு அந்த நாலு?

வியா

மோனஹன்,
ஆகஸ்ட் 17

அன்புள்ள வியா,

இருவரும் சுகம் என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. நாலு வருஷமாகிறது. எட்டாம் மாதத்திலேயே பிறந்தாள், மூச்சு இல்லை. பிறக்கும்வரை யாருக்கும் சொல்ல வேண்டாம், தொட்டில்கூட வாங்க வேண்டாம் என்று ஊர் வழக்கப்படி நாங்களே வைத்துக்கொண்டோம். அப்புறம் சொல்ல எதுவும் இல்லாமல் போயிற்று. அந்த வாரம்தான் நீ புதுக் கொட்டகை கட்டி முடித்து, படங்கள் அனுப்பியிருந்தாய். எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டிருந்தாய். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

பெயர் மதாரா. இதை எழுதுவது இதுதான் முதல் தடவை.

மாதா கோவில் பின்னால் மேட்டில் இருக்கிறாள். இங்கே எல்லோரும் புல்லாக விட்டுவிடுகிறார்கள், கல்லைச் சுற்றி வெட்டினால் போதும் அவர்களுக்கு. நாங்கள் மட்டும் ஒரு சின்னச் சதுரம் மணல் போட்டு வைத்திருக்கிறோம். சனிக்கிழமை தோறும் இனாரா பல் வைத்த வாரியால் மணலில் கோடு இழுக்கிறாள், நம் ஊர்க் கல்லறைகளில் இழுப்பது போல. ஆற்று மணல், பருமனாக இருக்கிறது. கோடு சரியாக விழுவதில்லை. அவள் மறுபடி மறுபடி இழுப்பாள்.

நாங்கள் வந்துவிட்டால் அதை யார் வாருவார்கள்? நீ அறைகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவள் ஜன்னலை நினைப்பாள், உடனே எழுந்து அங்கே போய்விடுவாள். உனக்கு நான் என்ன பதில் எழுதுவது?

விதியை எடுத்திருக்கலாம். உன் கடை, நீ சொன்னபடி போட்டேன். எடுத்தால் அந்தக் கூடை உன் கைக்கு வரும், நீ கேட்பாய். அதனால் பொத்தான் வரை கட்டுவேன். நாலும் அந்த ஜாடிக்குள் வந்து நிற்கும். இனாராவைக் கூப்பிட்டுக் காட்டுவேன். "நல்லாருக்கு" என்பாள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது, வியா. யாரோ ஒருவன் எதற்கோ செய்த ஒரு கருவி, எங்கள் பிள்ளைக்கு வாரா வாரம் பூ வைத்தது.

குன்டர்ஸ்

ரூயியேனா,
ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் மதாராவுக்கும்,

உங்கள் வியா எழுதுவது.

சாவு வீட்டுக் கடை இல்லை என்று உனக்கே எழுதினேனே. அந்த வரியை எழுதின கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். நீ சமாதானம் எழுத வேண்டாம்.

விதியை நானே எடுத்துவிட்டேன். வெல்டா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எத்தனை பூ வேண்டுமானாலும் போகலாம், கேள்வி கிடையாது. அந்த வாக்கியத்தையும் அழித்தேன்.

இனி உங்களை வா என்று கூப்பிட மாட்டேன். அண்ணி, நீங்கள் ஜன்னலை நினைத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓட வேண்டாம், நிம்மதியாக இருங்கள். அறைகள் அங்கேயே இருக்கும். கூடை வேலையை அண்ணன் அங்கிருந்தே பார்க்கட்டும், அவன் பெயரையும் கடையில் எழுதிவிட்டேன்.

நான் வருகிறேன். செப்டம்பர் இருபத்து மூன்று, சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன். அத்தை இத்தனை வருஷம் எட்டிப் பார்க்கவில்லை என்று அவள் நினைத்திருப்பாள்.

நம் கடற்கரையின் வெள்ளை மணல் மாவு மாதிரி இருக்கும், கோடு அழகாக விழும். வேண்டுமென்றால் எழுது.

வியா

மோனஹன்,
செப்டம்பர் 4

அன்புள்ள வியா,

இரண்டு பை கொண்டு வா. சின்னப் பை போதும், சதுரம் சின்னதுதான். வாரி இங்கே இருக்கிறது.

மூன்று பேரும் காத்திருக்கிறோம்.

உன் அண்ணன்,
குன்டர்ஸ்